போன் இருந்தும் நாலே கால் மணி நேரம்

மூன்று வாரத்துக்கு முந்தைய சனிக்கிழமை. சிங்கப்பூரின் துவாஸில் ஒரு பழைய தொழிற்சாலைக் கட்டடம். மொட்டைமாடியில் கூலிங் டவரைச் சுத்தம் செய்ய ஒரு டெக்னீஷியன் தனியாகப் போனார். ஏணி இரண்டு மீட்டர் உயரம்கூட இல்லை. ஈரத்தில் கால் வழுக்கி விழுந்ததில் தொடை எலும்பு முறிந்துவிட்டது. விழுந்தது மதியம் ஒன்றரை மணிக்கு. அவரை ஆட்கள் வந்து பார்த்தது மாலை ஐந்தே முக்காலுக்கு.

போன் இருந்ததா என்று கேட்பீர்கள். இருந்தது. தண்ணீர் பட்டுக் கெட்டுவிடும் என்று பையில் போட்டு, பையைப் பம்ப் அறைக் கதவில் மாட்டியிருந்தார். விழுந்த இடத்திலிருந்து பதினைந்து அடி இருக்கும். "அடிக்கிற சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சுண்ணே. எடுக்கத்தான் முடியல" என்று மருத்துவமனையில் என்னிடம் சொன்னார்.

அடித்தது அவர் மனைவி. தினமும் நாலு மணிக்கு, தேநீர் நேரத்தில், இவர் ஊருக்கு அழைப்பார். அறந்தாங்கியில் அப்போது ஒன்றரை மணி. அன்றைக்கு அழைப்பு வரவில்லை. அந்தப் பெண் பதினோரு முறை அழைத்துப் பார்த்துவிட்டு, ஜூரோங்கில் தங்கும் விடுதியில் இருக்கும் கணவரின் சித்தப்பா மகனைப் பிடித்தார். அவர் சூப்பர்வைசரைப் பிடித்தார். சூப்பர்வைசர் கட்டடத்துக் காவலாளியைப் பிடித்தார். காவலாளி மாடிக்கு ஏறினார்.

நிறுவனத்தில் பாதுகாப்புக் கையேடு இருக்கிறது. அபாய மதிப்பீட்டுப் படிவம் இருக்கிறது, அதில் மூன்று பேர் கையெழுத்தும் இருக்கிறது. ஆனால் ஒரு மனிதர் பேச்சுமூச்சு இல்லாமல் போனதைக் கவனித்தவர் ஏறத்தாழ ஆயிரத்து எண்ணூறு மைலுக்கு அப்பால் இருந்த அவர் மனைவி மட்டும்தான். பதினாறு வருடமாக வேலையிடப் பாதுகாப்பு அதிகாரியாக இருக்கிறேன். இந்த மாதிரி விசாரணைக்கு நான் போவது இந்த வருடத்தில் இது மூன்றாவது முறை. அதனால்தான் எழுதுகிறேன்.

விசாரணையில் மேலாளர் சொன்ன முதல் வார்த்தை: "அவர்கிட்டதான் போன் இருந்துச்சே சார்."

இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. தயவுசெய்து கொஞ்சம் யோசியுங்கள். போனால் உதவி கேட்க வேண்டும் என்றால் என்னென்ன வேண்டும்? அவருக்கு நினைவு இருக்க வேண்டும். கை அசைய வேண்டும். போன் கைக்கு எட்ட வேண்டும். சார்ஜ் இருக்க வேண்டும். சிக்னல் இருக்க வேண்டும். எங்கே இருக்கிறோம் என்று சொல்லத் தெரிய வேண்டும். அடுத்த முனையில் எடுக்க ஆள் வேண்டும். இந்த ஏழில் ஒன்று இல்லையென்றாலும் அந்தப் போனால் பயனில்லை. மின்சாரம் தாக்கியவருக்கு முதலாவதே இல்லை. மாரடைப்பு, பக்கவாதம், விஷவாயு எல்லாவற்றிலும் அதே கதைதான். மின்தூக்கிக் குழியிலும் அடித்தளப் பம்ப் அறையிலும் சிக்னல் எப்படி இருக்கும் என்று அங்கே வேலை செய்தவர்களைக் கேளுங்கள். ரப்பர் கையுறையும் வியர்வையுமாக இருக்கும் கையால் தொடுதிரையைத் திறந்து பாருங்கள்.

நிலைமை சாதாரணமாக இருக்கும்போதுதான் போன் வேலை செய்யும். விழுந்து கிடப்பவர் தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்வார் என்று நம்பி ஒரு ஏற்பாடு செய்தால், அது அவர் விழாதவரைக்கும்தான் ஏற்பாடு. அவரிடமிருந்து சத்தம் வராவிட்டால் யாருக்கு உறைக்கும்? எத்தனை நிமிடத்தில் உறைக்கும்? தனியாக ஒருவரை அனுப்பும்போது கேட்க வேண்டிய கேள்வி இதுதான். இதற்குப் பெயரும் நிமிடமும் சேர்த்துப் பதில் சொல்ல முடியாதவர் ஆளை அனுப்பக் கூடாது.

நிமிடம் என்று ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், இதயம் நின்றுவிட்டால் நான்கு முதல் ஆறு நிமிடத்தில் மூளை பாதிக்கப்படத் தொடங்கிவிடும். நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்கும் முதலுதவி கிடைக்காமல் போகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு குறைகிறது. 995 அழைத்தால், பெரும்பாலான அழைப்புகளுக்கு ஆம்புலன்ஸ் 11 நிமிடத்துக்குள் வந்து சேர வேண்டும் என்பது குடிமைத் தற்காப்புப் படையின் இலக்கு. அதுவரைக்கும் பக்கத்தில் ஒரு ஆள் இருந்தே ஆக வேண்டும். இதய நோய் உள்ளவரை இரவில் ஒற்றை ஆளாகப் போடுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும்.

அடுத்து வருவது கேமரா. "சிசிடிவி இருக்கு." சரி, அதை யார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்? நான் விசாரித்தவற்றில் பெரும்பாலும் கேமரா பயன்பட்டது, அவர் எத்தனை மணிக்கு விழுந்தார் என்று மறுநாள் பார்த்துத் தெரிந்துகொள்ள மட்டும்தான்.

இரவுக் காவலர்கள் விஷயம் தனி. பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட், அறுபது வயதைத் தாண்டியவர்கள் நிறைய. ரோந்துப் புள்ளிகளில் அட்டையைத் தட்டிக்கொண்டே போவார்கள். ஒரு புள்ளி விடுபட்டால் நிர்வாகம் மறுநாள் விளக்கம் கேட்கும். அந்த நேரத்திலேயே யாராவது அழைத்து "அண்ணே, நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டார்களா? அந்தத் தட்டல் கட்டடத்துக்கான கணக்கு, காவலருக்கானது இல்லை. இந்த வருடம் நான் பார்த்த மூன்றில் ஒன்று இது. விடிகாலை இரண்டு மணிப் புள்ளியும் மூன்று மணிப் புள்ளியும் விடுபட்டிருந்தன. மாற்று ஆள் ஏழு மணிக்கு வந்துதான் கழிவறைக் கதவைத் தட்டினார். அந்த அண்ணன் பிழைக்கவில்லை. இரண்டு மணிக்கு எச்சரிக்கை திரையில் வந்திருக்கிறது. அதைப் பார்க்க யாரும் நியமிக்கப்படவில்லை.

சில வேலைகளுக்குத் தனி ஆள் என்ற பேச்சே கூடாது. தொட்டி, குழி போன்ற அடைபட்ட இடத்துக்குள் நுழைவதானால் அனுமதிச் சீட்டும், வாயு சோதனையும், வெளியே ஒரு கண்காணிப்பாளரும் கட்டாயம். 2009ஆம் ஆண்டு விதிமுறையிலேயே இருக்கிறது. வெளியே என்றால் வெளியே. உள்ளே விழுந்தவரைப் பார்த்துப் பதறி இவரும் இறங்கினால் இரண்டு பேரை இழப்போம். 2024 மே மாதம் சுவா சூ காங் நீர் சுத்திகரிப்பு ஆலையில் மூன்று ஊழியர்கள் மயங்கி விழுந்ததும், அதில் ஒருவர் இறந்ததும் நினைவிருக்கும். பல பேர் இருந்தாலே போதும் என்று நினைக்காதீர்கள். ஒருவராவது ஆபத்துக்கு வெளியே நிற்க வேண்டும். உயரத்தில் பெல்ட் போட்டுத் தொங்கும் வேலை, மின்சாரம் ஓடும் பலகையில் கை வைக்கும் வேலை, வெல்டிங், குளிர்பதன அறை, தண்ணீர் ஓரம், அமிலம் இவற்றையும் என் பட்டியலில் இதே வரிசையில் வைத்திருக்கிறேன். காரணத்தை விளக்கத் தேவையில்லை என்று நம்புகிறேன்.

வெயிலை மட்டும் விளக்க வேண்டியிருக்கிறது. 2023 அக்டோபரிலிருந்து, வெப்ப அழுத்தக் குறியீடு (வெப்பம், ஈரப்பதம், காற்று, வெயில் எல்லாம் சேர்த்துக் கணக்கிடுவது) 32 பாகை செல்சியஸைத் தொட்டால் வெளியே கடின வேலை செய்கிறவர்களுக்கு மணிக்குக் குறைந்தது 10 நிமிடம் ஓய்வு தர வேண்டும். தனியாக இருப்பவருக்கு யார் நேரம் பார்ப்பது? வெப்பத்தாக்கு வந்தவருக்கு முதலில் புத்தி தடுமாறும். தனக்கு முடியவில்லை என்பதே அவருக்குத் தெரியாது. "கொஞ்சம் தலை சுத்துது, முடிச்சிட்டு வரேன்" என்பார். எதிரில் ஒருவர் இருந்தால் முகத்தைப் பார்த்தே பிடித்து உட்கார வைத்துவிடுவார்.

"நாங்க ஆபீஸ் சார், எங்களுக்கு இதெல்லாம் இல்ல" என்பவர்களும் உண்டு. வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2006இல் வந்தது. 2011 செப்டம்பரிலிருந்து எல்லா வேலையிடங்களுக்கும் அது பொருந்தும். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர் உங்கள் கண்ணில் படாததால் உங்கள் பொறுப்பிலிருந்து விலகிப் போய்விடவில்லை. வேலை காரணமாக வீட்டில் அடிபட்டாலும் வேலைக் காய இழப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். தனியாகக் குடியிருக்கும் ஒருவர் திங்கட்கிழமை காலைக் கூட்டத்துக்கு வரவில்லை என்றால், மின்னஞ்சலில் விளக்கம் கேட்பதற்கு முன் போன் போட்டுப் பேசுங்கள். எடுக்காவிட்டால் அவர் கொடுத்து வைத்த அவசரத் தொடர்பு எண்ணுக்கு அழையுங்கள். அந்த எண் இன்னும் சரிதானா என்று வருடத்துக்கு ஒருமுறை பார்த்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். நோயாளிகளின் வீட்டுக்குப் போகும் தாதியர், வாடகை வீடு காட்டப் போகும் சொத்து முகவர்கள் உள்ளே நுழையுமுன் ஒரு செய்தி, வெளியே வந்ததும் ஒரு செய்தி அனுப்பட்டும். மிரட்டலுக்கு ஆளாகி வாய்விட்டுப் பேச முடியாத நிலையில் போலிசுக்கு 70999 எண்ணில் குறுஞ்செய்தி அனுப்பலாம் என்பதை எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறீர்கள்?

செலவைப் பற்றிப் பேசுவோம். விழுந்தால் தானே அலறும் கருவி நல்லதுதான், வாங்க முடிந்தால் வாங்குங்கள். வாங்க முடியாத சின்ன நிறுவனங்கள் வாட்ஸ்அப்பை வைத்தே செய்யலாம். நான் சொல்லிக் கொடுப்பது இதுதான். தனியாகப் போகிறவர் மணிக்கு ஒருமுறை, ஆபத்து கூடின வேலையென்றால் அரை மணிக்கு ஒருமுறை, குரல் செய்தி அனுப்ப வேண்டும். எழுத்து வேண்டாம், குரல்தான். குரலிலேயே களைப்பு தெரிந்துவிடும். அதை வாங்கிக்கொள்ள அந்த நேரத்தில் விழித்திருக்கும் ஒருவர், பெயரோடு, பலகையில் எழுதப்பட்டிருக்க வேண்டும். "குரூப்ல யாராவது பார்ப்பாங்க" என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள். ஐந்து நிமிடம் தாமதமானால் அழைக்க வேண்டும். பத்து நிமிடத்தில் பதில் இல்லையென்றால் அருகிலிருக்கும் ஆளை, காவலாளியை நேரில் அனுப்ப வேண்டும். அவரிடம் மொட்டைமாடிச் சாவி இருக்கிறதா என்று காலையிலேயே கேட்டு வைக்க வேண்டும். துவாஸில் காவலாளி சாவி தேடியதிலேயே பதினெட்டு நிமிடம் போயிருக்கிறது.

தணிக்கைக்குப் போனால் பதிவுப் புத்தகத்தைத்தான் முதலில் கேட்பேன். ஒன்பது மணி, பத்து மணி, பதினொரு மணி எல்லாம் ஒரே பேனாவில், ஒரே சாய்வில் எழுதியிருக்கும். ஷிஃப்ட் முடிந்து உட்கார்ந்து எழுதியது என்று பார்த்தவுடனேயே தெரியும். அப்படி எழுதாதீர்கள். அதைவிட எழுதாமலே விடலாம், ஓட்டை இருப்பதாவது தெரியும். மாதம் ஒருமுறை சொல்லாமல் ஒரு செய்தியை நிறுத்திப் பாருங்கள், எத்தனை நிமிடத்தில் அழைப்பு வருகிறது என்று. ஒரு இடத்தில் ஒரு மணி நாற்பது நிமிடம் ஆனது. அவர்களே அதிர்ந்துபோய் மறுவாரமே சரிசெய்தார்கள்.

தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. "பத்து வருஷமா தனியாத்தான் செய்றேன்" என்று என்னிடம் சொல்லாதீர்கள். அந்தத் துவாஸ் தம்பிக்கும் இது பன்னிரண்டாவது வருடம். கூட ஒரு ஆள் கேட்டால் ஓவர்டைம் போய்விடும், அடுத்த முறை கூப்பிட மாட்டார்கள் என்ற பயம் எனக்குத் தெரியும். பாதுகாப்புக் குறையைச் சொன்னதற்காக வேலையை விட்டு நீக்குவதைச் சட்டம் தடுக்கிறது. மனிதவள அமைச்சிடம் நீங்களே முறையிடலாம். போனைப் பையில் போடாதீர்கள். நீர் புகாத உறையில் போட்டு உடம்போடு கட்டிக்கொள்ளுங்கள். முழுமையாக இல்லாவிட்டாலும் கொஞ்சமாவது உதவும். அடிபட்டால் முதலில் முதலாளிக்கு அழைக்கும் பழக்கத்தை விடுங்கள். முதலில் 995, அப்புறம்தான் மற்றவர்கள். துவாஸில் ஒரே மாதிரி பெயரில் எத்தனை சாலை இருக்கிறது! ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டை வேலை தொடங்குமுன் பார்த்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த வாசல், எந்த மின்தூக்கி, எந்த மாடி என்பதையும்.

அப்புறம், இன்றைக்கு ஊருக்குப் பேசும்போது வீட்டில் இருப்பவர்களிடம் நாலு விஷயத்தை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். நிறுவனத்தின் பெயர், அலுவலக எண், சூப்பர்வைசர் எண், இங்கே இருக்கும் சொந்தக்காரர் ஒருவரின் எண். அறந்தாங்கியில் அந்தப் பெண்ணிடம் கடைசி ஒன்று மட்டும்தான் இருந்தது. அந்தச் சித்தப்பா மகன் அன்றைக்கு ஷிஃப்ட் முடித்து விடுதியில் தூங்கிக்கொண்டிருந்தாராம். எட்டாவது முறை அடித்தபோதுதான் எடுத்திருக்கிறார்.