பல்பை மாத்துறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

"ஹெட்லைட் வெளிச்சமே பத்தலண்ணே, நல்ல பவர் பல்பா போட்டு விடுங்க"ன்னுதான் கும்பகோணத்துல எங்க ஆட்டோ எலக்ட்ரிக்கல் பட்டறைக்கு வர்றவங்க முக்காவாசிப் பேரு கேக்குறாங்க. வண்டியைப் பாத்தா பல்பு ஒழுங்காத்தான் எரியும், ஆனா வெளிச்சம் ரோட்டுக்குப் போய்ச் சேராது. ஏன் சேரலன்னு பாக்காம பவரை மட்டும் ஏத்திக்கிட்டே போறதுதான் தப்பு.

முதல்ல கண்ணாடி. கண்ணாடின்னு சொல்றோமே தவிர இப்ப வர்ற கார்ல அது பாலிகார்பனேட் பிளாஸ்டிக், மேல வெயில் தாங்க ஒரு மெல்லிசு கோட்டிங் இருக்கும், வருஷக்கணக்கா வெயில்ல நிக்க நிக்க அது போயி மஞ்சளா மங்கிடும். பாதி வெளிச்சம் அங்கயே நின்னுடும், மீதி சிதறி எதிர்ல வர்றவங்க கண்ணுல அடிக்கும். டூத்பேஸ்ட் போட்டு தேய்ச்சா கொஞ்ச நாளைக்குத்தான் பளிச்சுன்னு இருக்கும். வாட்டர் பேப்பர்னு சொல்ற நைஸ் உப்புத்தாள்ல 1000, 2000 நம்பர் வாங்கி தண்ணி விட்டு தேய்ச்சு, காம்பவுண்ட்னு சொல்ற பாலிஷ் பேஸ்ட் போட்டு பாலிஷ் பண்ணி, யூவி தாங்குற கிளியர் கோட் அடிக்கணும். அந்த கிளியர் கோட்டை மட்டும் காசு மிச்சம்னு விட்டுடாதீங்க. உள்ள வெளிச்சத்தை முன்னாடி திருப்புற ரிஃப்ளெக்டரோட பூச்சே உரிஞ்சு போயிருந்தா பாலிஷ்லாம் வேலைக்காகாது, செட்டையே மாத்தணும்.

அடுத்து எர்த், அதாவது லைட்டோட கரண்ட் திரும்பிப் போக வண்டி பாடில போல்ட் போட்டு முறுக்கியிருக்கிற வயர். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து வண்டின்னா நான் மொதல்ல அங்கதான் கை வைப்பேன், உப்புக்காத்து அப்படி. அந்தப் பக்கத்து கார் ஒண்ணு, இன்ஜின் ஓடுறப்ப லைட்டைப் போட்டு மீட்டர் வச்சா பேட்டரில 14 வோல்ட், பல்புல மாட்டுற கப்ளர்ல 12தான் வருது. எர்த் போல்ட்டைக் கழட்டினா அடியில பச்சைப் பச்சையா களிம்பு! சுரண்டி, சுத்தம் பண்ணி, வாசலின் தடவி முறுக்கினதும் அதே பழைய பல்பு வெள்ளையா எரிஞ்சுது. ஹாலஜன் பல்புல வோல்டேஜ் 10 சதவீதம் குறைஞ்சா வெளிச்சம் கிட்டத்தட்ட 30 சதவீதம் குறையும், நிறைய பேருக்கு இது தெரியறதில்ல.

பெரும்பாலான ஹாலஜன் கார்ல கம்பெனி பல்பு 60/55 வாட், பிரைட்டுக்கு 60, டிம்முக்கு 55. அதுல 100/90 போட்டா ஒண்ணரை மடங்குக்கு மேல கரண்ட் இழுக்கும், ஹோல்டர் உருகும், வயர் கருகும். ஹாலஜன் செட்டுக்குள்ள எல்இடி சொருகினாலும் ரிஃப்ளெக்டருக்கு ஏத்த இடத்துல வெளிச்சம் பொறக்காது, அதனால கண்டபடி சிதறும், நமக்கு பளீர்னு தெரியும், எதிர்ல வர்றவருக்கு ரோடே தெரியாது.

நம்ம ரோடு எப்படின்னு உங்களுக்கே தெரியும். ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் வயல், பல இடத்துல தடுப்பே கிடையாது. அறுப்பு நேரத்துல ரோட்டுலயே நெல்லு கொட்டி ராத்திரி கறுப்புத் தார்ப்பாய் போட்டு மூடி சுத்தி கல்லு வச்சிருப்பாங்க, கறுப்பு ரோட்டுல கறுப்புத் தார்ப்பாய், கிட்ட போறவரைக்கும் தெரியாது. பின்னாடி லைட் இல்லாத டிராக்டர் டிரெய்லர் வேற. ஆகஸ்ட் கடைசில வேளாங்கண்ணிக்கு ராத்திரி முழுக்க ஜனங்க நடந்து போவாங்க, குழந்தைங்களும் இருக்கும். 60 வேகத்துல போனா ஒரு செகண்டுக்கு கிட்டத்தட்ட 17 மீட்டர் போயிடுவோம், ஒழுங்கான டிம் லைட்டே சுமாரா 40, 50 மீட்டர்தான் காட்டும், அதுவும் மங்கிப் போயிருந்தா பிரேக்கை மிதிக்க எங்க நேரம் இருக்கு?

ஃபோகஸை வீட்டுலயே பாக்கலாம். டயர்ல காத்து சரியா வச்சுக்கிட்டு, மட்டமான தரையில சுவத்துலேர்ந்து 10 மீட்டர் தள்ளி நிறுத்தி டிம்ல போடுங்க. லைட்டோட உயரத்தை சுவத்துல குறிச்சா, வெளிச்சத்தோட மேல் ஓரம் அதுக்கு சுமாரா 10 சென்டிமீட்டர் கீழ விழணும், இடது பக்கம் மட்டும் கொஞ்சம் ஏறி இருக்கலாம். அதுக்கு மேல போனா செட் பண்ணிடுங்க.

ஸ்டியரிங்குக்கு வலது பக்கம் 0லேர்ந்து 3 வரைக்கும் நம்பர் போட்டு, லைட்டை ஏத்தி இறக்குற ஒரு சின்ன திருகு இருக்குமே, நிறைய பேரு அதைத் தொட்டதே இல்ல. டிரைவர் மட்டும்னா 0, டிக்கி நிறைய சாமான், பின் சீட் ஃபுல்லுன்னா வண்டி பின்னாடி அமுங்கி லைட் மேல தூக்கும், அப்ப நம்பரை ஏத்துங்க, லைட் கீழ இறங்கும். ஐப்பசி கார்த்திகைல பூச்சி அப்பிக்கிச்சுன்னா டீக்கடையில நிறுத்துறப்ப ஈரத்துணியால துடைங்க, காஞ்ச துணி போட்டு தேய்க்காதீங்க, கோட்டிங்ல கீறல் விழும்.