குறட்டையை நல்ல உறக்கம் என்று சொல்லாதீர்கள்

இந்த வாரமும் ஒரு லாரி ஓட்டுநர். ஆரல்வாய்மொழி தாண்டி, பட்டப்பகலில் கண் சொக்கி வண்டியைத் தடுப்பில் ஏற்றியிருக்கிறார். குடிக்கவில்லை. முந்தின இரவு 8 மணி நேரம் படுத்திருக்கிறார். மனைவி சொன்னது: "அவியளுக்கு உறக்கத்துக்கு ஒரு கொறையும் இல்ல டாக்டர். படுத்த ஒடனே கொறட்டதான், அப்படி அசந்து ஒறங்குவாவ."

நாகர்கோவிலில் இருந்துகொண்டு இதைக் கேட்டுக்கேட்டு எனக்குப் பொறுமை போய்விட்டது. குறட்டை அசந்த உறக்கத்தின் அடையாளம் இல்லை. தொண்டையில் காற்று போகும் வழி சுருங்கியிருக்கிறது என்பதற்கான சத்தம் அது. குறட்டை விடும் எல்லோருக்கும் நோய் இல்லைதான். ஆனால் கவனித்துக் கேளுங்கள்: சத்தம் ஏறிக்கொண்டே போய்ச் சட்டென்று நிற்கிறதா? பக்கத்தில் படுத்திருப்பவர் 'அப்பாடா, ஓய்ந்தது' என்று திரும்பிப் படுப்பார். மூச்சே அப்போதுதான் நின்றிருக்கும். 10 விநாடி, சிலருக்கு அரை நிமிடத்துக்கும் மேல். ஆக்சிஜன் இறங்கும், மூளை உலுக்கி எழுப்பும், ஒரு திணறலோடு மூச்சு திரும்பும். காலையில் அவருக்கு எதுவும் நினைவிருக்காது, உறக்கம் துண்டுபட்டதால் பகலில் கண் மட்டும் சொக்கும். உறக்கத்தில் மூச்சு அடைபடும் இந்த நோய்க்கு ஸ்லீப் அப்னியா என்று பெயர். மூச்சு இப்படி அடைபடுவது மணிக்கு 5 முறையைத் தாண்டினாலே கவனிக்க வேண்டும். 30 என்றால் கடுமை. அந்த லாரி ஓட்டுநருக்கு 50ஐத் தாண்டியது. சிகிச்சை பிடிக்கும்வரை ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். முதலாளியிடம் காட்டக் கடிதம் வேண்டுமென்றால் யாருக்கும் தருவேன், கூச்சப்படாமல் கேளுங்கள்.

பகலில் உறங்கிவழிகிற எல்லோருக்கும் இதே காரணம் என்றும் எடுத்துக்கொள்ளக்கூடாது. குலசேகரம், அருமனை பக்கம் ரப்பர் பால்வெட்டுக்கு விடியும் முன்பே எழுந்து போகிறவரிடம், இரவு எத்தனை மணிக்குப் படுத்தார் என்று முதலில் கேட்க வேண்டும். பலருக்குத் தேவை இன்னும் இரண்டு மணி நேர உறக்கம், உறக்கச் சோதனை இல்லை. மூன்று மாத்திரை கொடுத்தும் பிரஷர் இறங்காதவரிடம் குறட்டையைப் பற்றிக் கேளுங்கள் என்று சக மருத்துவர்களிடமும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். இரவில் நாலைந்து தடவை சிறுநீருக்கு எழுவதற்கும் இந்த நோய் காரணமாகலாம். சர்க்கரையையும் புராஸ்டேட்டையும் மட்டும் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் வரும். குறட்டை விடுவதை வெளியே சொல்ல வெட்கம், அதனால் தலைவலி, அசதி என்று வந்து சத்து மாத்திரையோடு திரும்பிவிடுகிறார்கள். ஒல்லியானவர்களும் தப்பவில்லை, தாடை சிறிதாக இருந்தாலே போதும்.

மெடிக்கலில் உறக்க மாத்திரை வாங்கிப் போடுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். 'நல்லா உறங்கட்டும்' என்று ராத்திரி குடிப்பதையும். இரண்டுமே தொண்டைத் தசையைத் தளர்த்தும், மூளை விழிப்பதையும் தாமதப்படுத்தும். மூச்சு நிற்கிறவருக்கு இதைக் கொடுப்பது கொடுமை.

சோதனை ஓர் இரவுதான். தலை, கண்ணோரம், தாடை, நெஞ்சு, கால், விரல் என்று ஒட்டுகிற வயர்கள். ஊசி கிடையாது, ஷாக் அடிக்காது. புது இடத்தில் உறக்கம் வராதே என்கிறார்கள். சில மணி நேரம் கண்ணயர்ந்தாலே எங்களுக்குப் போதும். சிலருக்குச் சிறிய கருவியைக் கொடுத்து வீட்டிலேயே பார்க்கலாம்.

கடுமையாக இருந்தால் சிபாப் கருவி. 1981-இல் ஆஸ்திரேலியாவில் காலின் சல்லிவன் கண்ட வழி. அது ஆக்சிஜன் மெஷின் இல்லை. அறைக்காற்றையே சற்று அழுத்தத்தோடு மூக்கு வழியாகச் செலுத்தித் தொண்டை மூடாமல் பிடித்து நிறுத்துகிறது. 'பழகிட்டா விட முடியாதே' என்று பயப்பட வேண்டாம். நிறுத்தினால் பழைய நோய் திரும்பும், அவ்வளவுதான். எடை குறைத்துச் சிலர் கருவியை விட்டும் இருக்கிறார்கள். மாஸ்க் உறுத்தினால், வாய் வறண்டால் வாருங்கள், மாற்றித் தருகிறோம். ஒரு வாரம் பார்த்துவிட்டு அலமாரி மேலே ஏற்றிவிடாதீர்கள்.

குழந்தை வாயைத் திறந்து குறட்டை விடுகிறதா, படுக்கையை நனைக்கிறதா, வகுப்பில் ஓரிடத்தில் உட்காராமல் இருக்கிறதா? அடிப்பதற்கு முன் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். அடினாய்டு, டான்சில் வீக்கமாக இருந்தால், பெரும்பாலும் அறுவை சிகிச்சையில் சரியாகிவிடும்.

வீட்டில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். சத்தம் நிற்கும்போது செல்போனில் வீடியோ எடுங்கள். முகமும் நெஞ்சும் தெரிய 2 நிமிடம் போதும். அதோடு நீங்களும் கூட வாருங்கள், சாப்பிடுகிற எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு.