.32 போதுமா, 9 எம்.எம். வேண்டுமா?

"சார், என்கிட்ட .32 இருக்கு. அது பத்துமா? 9 எம்.எம். வாங்கித்தர ஆள் இருக்காங்க, வாங்கிடவா?"

போன ஆண்டு ஒரு நகைக்கடை உரிமையாளர் என்னிடம் இப்படிக் கேட்டார். .32, 9 எம்.எம். என்பவை காலிபர், அதாவது துப்பாக்கிக் குண்டின் பருமனைச் சொல்லும் எண்கள். முதலாவது அங்குலத்தில், இரண்டாவது மில்லிமீட்டரில். நான் காவல் துறையில் ஆயுதப் பயிற்சியாளராகப் பல ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன். துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் என்னைப் பார்த்தால் முதலில் கேட்பது இதைத்தான். புதிதாக வரும் எஸ்.ஐ.க்களும் வேறு வார்த்தைகளில் இதையே கேட்பார்கள். ஆனால் இவர் கேள்வியின் இரண்டாம் பாதி என்னைத் திடுக்கிட வைத்தது.

அதனால் சட்டத்திலிருந்து தொடங்குகிறேன். நம் நாட்டில் ராணுவமும் போலீசும் பயன்படுத்தும் தோட்டா எந்தக் கைத்துப்பாக்கியில் பொருந்துமோ, அந்தத் துப்பாக்கி பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்ட வகை. .380, .455, 9 எம்.எம்., .45 எல்லாம் அதில் அடங்கும். இவற்றை 'பி.பி.' (ப்ரொஹிபிடட் போர், தடை செய்யப்பட்ட வகை) என்போம். மாவட்ட ஆட்சியரோ சென்னையில் போலீஸ் கமிஷனரோ தரும் சாதாரண லைசென்ஸில் இவை வராது. லைசென்ஸ் இல்லாமல் இந்த வகைத் துப்பாக்கி கையில் இருந்தால், 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 7 ஆண்டு சிறை, அதிகபட்சம் 14 ஆண்டு. "ஆள் இருக்காங்க" என்று யாராவது சொன்னால் அந்த ஆளிடமிருந்து விலகிவிடுங்கள். அந்த நகைக்கடைக்காரரிடமும் இதைத்தான் முதலில் சொன்னேன். முகம் வெளுத்துப் போனார்.

ஆக, .32 நம் ஊரில் பரவியதற்குக் காரணம் அது தற்காப்புக்குச் சிறந்தது என்பதல்ல, சட்டம் விட்டுவைத்த இடத்தில் அது இருந்தது என்பதுதான். 'அஷானி' பிஸ்டலும் கான்பூர் அரசு ஆயுதத் தொழிற்சாலையின் ரிவால்வரும் அப்படித்தான் வீடுகளுக்கு வந்தன.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். சுழலும் உருளையில் தோட்டா வைப்பது ரிவால்வர், பிடிக்குள் செருகும் மேகசினில் வைப்பது பிஸ்டல். ரிவால்வருக்கான .32 வேறு, பிஸ்டலுக்கான .32 வேறு. முதலாவதன் கூடு, அதாவது மருந்தைச் சுமக்கும் பித்தளை உறை, சுமார் 23 மில்லிமீட்டர் நீளம், இரண்டாவது 17 மில்லிமீட்டர். குண்டின் பருமன் கிட்டத்தட்ட ஒன்றே என்பதால், குட்டைத் தோட்டாவை ரிவால்வருக்குள் போட்டுப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். கடையில் வெறுமனே "பாயிண்ட் தேர்ட்டி டூ" என்று கேட்காமல் ரிவால்வருக்கா பிஸ்டலுக்கா என்று சொல்லிக் கேளுங்கள், டப்பாவையும் படித்துப் பாருங்கள்.

பெயரிலுள்ள எண்ணை வைத்துப் பலத்தை எடைபோடுவதும் தவறு. .38 ஸ்பெஷல் குண்டின் உண்மையான விட்டம் .357 அங்குலம், அதாவது ஏறத்தாழ 9.07 மில்லிமீட்டர். .357 மேக்னமும் அதே விட்டம்தான். 9 எம்.எம். குண்டு 9.02 அளவில் இருக்கும். மூன்றும் கிட்டத்தட்ட ஒரே பருமன். வேறுபாடு குண்டின் எடையிலும், பின்னால் இருக்கும் மருந்தின் அளவிலும், அதனால் வரும் வேகத்திலும்தான்.

பிஸ்டலுக்கான .32 குண்டு சுமார் 4.6 கிராம், வேகம் நொடிக்கு 280 மீட்டர் அளவு. ஆற்றல் கணக்கில் 180 ஜூல். 9 எம்.எம். சுமார் 8 கிராம், 350 மீட்டர், 490 ஜூல். .45 குண்டு 15 கிராம் கனமானது, ஆனால் 255 மீட்டர் வேகத்தில் மெதுவாகப் போகிறது. கணக்குப் போட்டால் அதுவும் 490 ஜூலை ஒட்டித்தான் வரும். .32 பலவீனமானது என்பது உண்மை, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் 9 எம்.எம்.முக்கும் .45க்கும் நடுவே, எது சிறந்தது என்று நூறு ஆண்டுகளாக நடக்கும் சண்டைக்கு இந்தக் கணக்கில் பெரிய ஆதாரம் இல்லை.

பயிற்சிக்கு வருபவர்கள் பலர், குண்டு பட்டால் ஆள் தூக்கியெறியப்படுவான் என்று சினிமா பார்த்து நம்பிக்கொண்டு வருவார்கள். எந்தக் கைத்துப்பாக்கியும் அப்படிச் செய்யாது. குண்டு மூளையிலோ தண்டுவடத்திலோ பட்டால் உடனே விழுவான். மற்ற இடமென்றால் ரத்தம் இழந்துதான் விழ வேண்டும். இதயமே சிதைந்தாலும் மூளையில் மிச்சமிருக்கும் ஆக்ஸிஜனில் 10 முதல் 15 விநாடி வரை ஒருவன் இயங்க முடியும். அந்த 15 விநாடி எவ்வளவு நீளம் என்பதை ரேஞ்சில், அதாவது சுடும் பயிற்சித் தளத்தில், ஸ்டாப்வாட்ச் பிடித்துக் காட்டுவேன். மேகசின் காலியாகிவிடும், விநாடி மிச்சமிருக்கும்.

அமெரிக்காவின் மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. இந்தப் பாடத்தை உயிர் கொடுத்துக் கற்றது. 1986 ஏப்ரல் 11 அன்று மயாமியில் வங்கிக் கொள்ளையர் இருவரை எட்டு ஏஜென்டுகள் மடக்கினார்கள். கொள்ளையரில் ஒருவனிடம் ரைஃபிள். ஏஜென்டுகளிடம் பெரும்பாலும் ரிவால்வர், சிலரிடம் 9 எம்.எம். பிஸ்டல். தொடக்கத்திலேயே அவன் மேல் பட்ட ஒரு 9 எம்.எம். குண்டு கையைத் துளைத்து, மார்புக்குள் போய், நுரையீரலைக் கிழித்து, இதயத்துக்குச் சற்று முன்னால் நின்றுவிட்டது. அந்தக் காயத்தோடு அவன் சில நிமிடங்கள் சண்டையிட்டான். இரண்டு ஏஜென்டுகள் இறந்தார்கள், ஐந்து பேர் காயம்பட்டார்கள்.

விசாரணையில் பழி அந்தக் குண்டின் மேல் விழுந்தது. பெரிய காலிபர் வேண்டும் என்று 10 எம்.எம்.முக்குப் போனார்கள். சுடும்போது அது கையைப் பின்னால் தள்ளும் உதைப்பைப் பலரால் தாங்க முடியவில்லை. மருந்தைக் குறைத்தார்கள். குறைத்த மருந்துக்கு அவ்வளவு நீளக் கூடு தேவையில்லையே என்று 1990இல் .40 தோட்டா பிறந்தது. அமெரிக்கப் போலீசில் பெரும்பகுதி அதற்கு மாறியது. கால் நூற்றாண்டு கழித்து அதே எஃப்.பி.ஐ. 9 எம்.எம்.முக்கே திரும்பியது. இடையில் குண்டின் வடிவமைப்பு மேம்பட்டிருந்தது. உதைப்பு குறைவு என்பதால் பெரும்பாலானோர் 9 எம்.எம்.மில் வேகமாகவும் குறி பிசகாமலும் சுட்டார்கள். மேகசினில் தோட்டாவும் கூடுதல். இத்தனைக்குப் பிறகும் மயாமியை நினைக்கும்போது எனக்குத் தோன்றுவது ஒன்றுதான். அந்த ஒரு குண்டைப் பற்றி ஆயிரம் பக்கம் எழுதினார்கள், அன்று குறி தவறிப்போன குண்டுகளைப் பற்றி அந்த அளவு பேசவில்லை.

டூட்டிக்கு எது நல்லது என்று கேட்கும் இளம் எஸ்.ஐ.க்களுக்கு என் பதில் இதனால் 9 எம்.எம்.தான். ஈஷாப்பூர் தொழிற்சாலையின் 9 எம்.எம். பிஸ்டலில் 13 தோட்டா கொள்ளும், 'கிளாக் 17' பிஸ்டலில் 17. பழைய .380 ரிவால்வரில் ஆறுதான், அதன் ட்ரிகரை இழுக்கவே விரலுக்கு வலு வேண்டும். சிறிய கை உள்ள பெண் காவலர்கள் ரிவால்வரில் தடுமாறி, 9 எம்.எம். கொடுத்த அன்றே குறியை நெருங்கியதைப் பார்த்திருக்கிறேன். திறமை அவர்களிடம் முன்பே இருந்தது, கருவிதான் பொருந்தவில்லை.

ஆனால் 9 எம்.எம்.மில் ஓர் ஆபத்து உண்டு. நம்மிடம் பெரும்பாலும் இருப்பது முழு உலோகக் கவசம் போட்ட குண்டு. அது உடலுக்குள் விரியாது, ஊடுருவி வெளியே போகும். பேருந்து நிலையத்தில், கோயில் திருவிழாவில், வி.ஐ.பி. பாதுகாப்பில் நிற்பவர், எதிரிக்குப் பின்னால் யார் நிற்கிறார் என்று பார்க்காமல் ட்ரிகரைத் தொடக்கூடாது. நியூயார்க் போலீஸ் 1998இல் விரியும் குண்டுக்கு மாறியதற்கு, துளைத்துச் சென்ற குண்டு வழிப்போக்கர்களைக் காயப்படுத்தியதும் ஒரு காரணம். வீட்டுச் சுவரை நம்பாதீர்கள். பலகைத் தடுப்பையும் சாதாரணக் கதவையும் .32 கூடத் துளைக்கும்.

காலிபரைப் பற்றி இவ்வளவு கேட்பவர்கள் ஒரு முறையாவது கேட்க வேண்டிய கேள்வி, வீட்டில் இதை எங்கே வைப்பது என்பது. பிஸ்டலிலிருந்து மேகசினைக் கழற்றியதும் துப்பாக்கி காலியாகிவிட்டது என்று நினைப்பதுதான் நான் கண்ட விபத்துகளின் முதல் காரணம். குழலின் பின்முனையிலுள்ள சேம்பரில் ஒரு தோட்டா உட்கார்ந்திருக்கும். முதலில் மேகசினைக் கழற்றுங்கள், பிறகு மேலே முன்பின் நகரும் ஸ்லைடை இழுத்து சேம்பரைக் கண்ணால் பாருங்கள், விரலை விட்டும் பாருங்கள். வரிசை மாறினால் ஸ்லைடே அடுத்த தோட்டாவை உள்ளே தள்ளிவிடும். பீரோவில் சேலைக்கு அடியில் வைப்பது பத்திரம் ஆகாது. அந்தச் சேலையைக் குழந்தையும் எடுக்கும். பூட்டுள்ள இரும்புப் பெட்டி, தோட்டாவுக்குத் தனிப் பூட்டு, சாவி உங்கள் இடுப்பில்.

அந்த நகைக்கடைக்காரரை மாவட்ட ரைபிள் கிளப்புக்கு அழைத்துப் போனேன். பிஸ்டல் வாங்கி ஒன்பது ஆண்டுகள், இதுவரை ஒருமுறைகூடச் சுட்டதில்லை. தோட்டாக்கள் வாங்கிய டப்பாவிலேயே இருந்தன, சிலவற்றின் பித்தளையில் பச்சை பூத்திருந்தது. அவற்றை ஒதுக்கிவிட்டு, நல்லதாக இருந்த ஆறை ஏழு மீட்டர் தூரத்திலிருந்து சுடச் சொன்னேன். அட்டையில் பட்டது ஒன்று. கை நடுங்கியது, ஒவ்வொரு முறையும் சத்தத்துக்குக் கண்ணை மூடினார். அதன் பிறகு 9 எம்.எம். பேச்சை அவர் எடுக்கவே இல்லை.

நான்கு மாதம், மாதம் இரண்டு ஞாயிறு வந்தார். முதல் மூன்று வாரம் தோட்டாவே கொடுக்கவில்லை, காலித் துப்பாக்கியில் ட்ரிகரை மெல்ல அழுத்தும் பழக்கம் மட்டும். போன மாதம் அதே தூரத்தில் ஆறில் ஐந்து பட்டது. பச்சை பூத்த தோட்டாக்களை டீலரிடம் ஒப்படைத்து லைசென்ஸ் புத்தகத்தில் பதிந்துகொண்டார். புதிதாக வாங்கியதில் முக்கால்வாசியைக் கிளப்பில் சுட்டுப் பழகுவதற்கென்றே தனியாக எடுத்து வைத்திருக்கிறார்.