அடுத்த வருஷம் நம்ம டீம் தேறுமா? அந்த நம்பிக்கையைக் கணக்குப் போட்டுப் பாக்கலாம்

லிங்கன்ல நான் படிச்சிட்டு இருந்தப்போ பக்கத்து வீட்டுல ஒரு பெரியவர் இருந்தார், ரிட்டையர் ஆன ஸ்கூல் வாத்தியார். டிசம்பர் வந்துட்டா அவரு சாப்பாட்டு மேசையில ஒரு மஞ்சத்தாள் நோட்டு விரிச்சே கிடக்கும், அதுல வரிசையா ஸ்கூல் பசங்க பேரு, ஒவ்வொரு பேருக்குப் பக்கத்துலயும் ஊரு, உயரம், எடை, அப்புறம் பேனாவால போட்ட குட்டிக் குட்டி நட்சத்திரம், சிலருக்கு மூணு, சிலருக்கு நாலு. எந்தப் பையன் எந்த காலேஜ்ல சேரப் போறான்னு நியூஸ் வர வர டிக் அடிப்பார், நம்ம காலேஜுக்கு வராம வேற பக்கம் போயிட்டான்னா அந்தப் பேரை அடிக்க மாட்டார், அப்படியே விட்டுட்டு அடுத்த வரிக்குப் போயிடுவார்.

லிங்கன் அமெரிக்காவுல நெப்ராஸ்கா மாநிலத்தோட தலைநகரம். இங்க ஃபுட்பால்னா கைல பந்தைத் தூக்கிட்டு ஓடி, தூக்கி எறிஞ்சு, மோதி விழுந்து ஆடுறது, நாம காலால உதைச்சு ஆடுறோமே அது இல்ல. மாநிலத்துல பெரிய ப்ரொஃபஷனல் டீம் கிடையாது, பெரிய அளவுல இருக்கறது நெப்ராஸ்கா யுனிவர்சிட்டி டீம் ஒண்ணுதான், பேரு கார்ன்ஹஸ்கர்ஸ், அதாவது சோளக்கதிருக்குத் தோல் உரிக்கிறவங்க. 1962ல இருந்து ஸ்டேடியத்துல ஒவ்வொரு மேட்ச்சுக்கும் டிக்கெட் தீந்துட்டே இருக்கு. மேட்ச் நடக்கிற சனிக்கிழமை அந்த ஸ்டேடியத்துக்குள்ள இருக்கற ஜனத்தொகையை எண்ணினா அது மாநிலத்தோட மூணாவது பெரிய ஊரா ஆயிடும்னு சொல்லுவாங்க, அது நிஜமும் கூட.

பெரியவர் மாதிரி லட்சக்கணக்கான பேர் ஜனவரியில இருந்து ஆகஸ்ட் வரைக்கும் ஒரே விஷயத்தைத்தான் பேசிட்டு இருப்பாங்க: யாரு புதுசா வர்றாங்க, அடுத்த சீசன் எப்படி இருக்கும். எனக்கு அப்போ புள்ளியியல் கிளாஸ் ஓடிட்டு இருந்துச்சு, அதனால இந்தப் பேச்சைக் கேக்கக் கேக்க மண்டைக்குள்ள ஒரே கேள்வி சுத்திச்சு. போன வருஷம் நடந்ததுல எது திரும்ப நடக்கும், எது திரும்ப நடக்காது? நம்பிக்கைங்கறதுக்குப் பின்னாடி இருக்கற கணக்கே இதுதான்.

முதல்ல அந்த நட்சத்திரங்களை எடுத்துக்குவோம். அமெரிக்கா முழுக்க ஹைஸ்கூல்ல 10 லட்சத்துக்கும் மேல பசங்க ஃபுட்பால் ஆடுறாங்க. ரைவல்ஸ், 247ஸ்போர்ட்ஸ், ஈஎஸ்பிஎன்னு சில கம்பெனிகள் இவங்க வீடியோவைப் பாத்து, கேம்ப்ல நேர்ல பாத்து ஸ்டார் போடுறாங்க. ஃபைவ் ஸ்டார் வருஷத்துக்கு சுமார் 32 பேருக்குத்தான், ஏன்னா என்எஃப்எல்ங்கற ப்ரொஃபஷனல் லீக் வருஷா வருஷம் காலேஜ் பசங்களைத் தேர்ந்தெடுக்கற டிராஃப்ட்ல முதல் ரவுண்டுல எடுக்கறது 32 பேர், அந்தக் கணக்கை மனசுல வச்சு வந்த வழக்கம். ஃபோர் ஸ்டார் சில நூறு பேர், த்ரீ ஸ்டார் ஆயிரத்துக்கு மேல.

இந்த ஸ்டார் எல்லாம் சும்மான்னு ஒரு கூட்டம் எப்பவும் சொல்லும், அவங்க கைல உதாரணமும் இருக்கும். பின்னாடி என்எஃப்எல்ல பெரிய ஆளான ஜே.ஜே. வாட் ஸ்கூல் முடிச்சப்போ டூ ஸ்டார். அதே மாதிரி பெரிய ஆளான ஜோஷ் ஆலனுக்குப் பெரிய காலேஜ் எதுவும் இடமே குடுக்கல, ஒரு சின்ன கம்யூனிட்டி காலேஜ்ல ஆடிட்டு வயோமிங் போனார், 2018 டிராஃப்ட்ல ஏழாவது ஆளா எடுத்தாங்க. இதெல்லாம் உண்மைதான், ஆனா இதை வச்சு ஸ்டார் வேலை செய்யலன்னு சொன்னா அது கணக்குத் தப்பு. ஒரு பேச்சுக்கு இப்படி வச்சுக்குவோம், ஃபைவ் ஸ்டார் 32 பேர்ல பாதிப் பேர் என்எஃப்எல் போறாங்க, 16 பேர். த்ரீ ஸ்டார் 1500 பேர்ல நூத்துக்கு ஆறு பேர்தான் போறாங்க, ஆனா அதுவே 90 பேர். டிவியில பாக்கறப்போ த்ரீ ஸ்டார் ஆளுங்கதான் நெறைய கண்ல படுவாங்க, அதுக்காக த்ரீ ஸ்டார் பையனுக்கு வாய்ப்பு அதிகம்னு ஆகாது, ஒவ்வொருத்தனா எடுத்துப் பாத்தா ஃபைவ் ஸ்டாருக்கு எட்டு மடங்கு அதிகம். கூட்டமா பாத்தா ஸ்டார் சொல்றது நல்லாவே பலிக்குது, தனி ஒரு பையனைக் காட்டி இவன் என்ன ஆவான்னு கேட்டா அங்கதான் தடுமாறுது.

ஏன் தடுமாறுதுன்னா அளக்கறதே 17 வயசுப் பையனை. ஓடுறவன், பந்து பிடிக்கிறவன் எல்லாம் ஓரளவு பாத்த உடனே தெரிஞ்சிடும், ஆனா முன் வரிசையில நின்னு தள்ளுற லைன்மேன் இப்போ 115 கிலோ இருப்பான், மூணு வருஷத்துல 140 கிலோ ஏத்தி அதே வேகத்துல காலை நகத்தணும், அது அவன் உடம்புக்குள்ள இருக்கற விஷயம், வீடியோவுல தெரியாது. அளவுகோல்லயே பிரச்சினை உண்டு. 40 கஜம் ஓட்டத்தைக் கைல ஸ்டாப்வாட்ச் வச்சு அளந்தா எலக்ட்ரானிக் டைமிங்கை விட சுமார் 0.2 செகண்ட் கம்மியாத்தான் வரும், காரணம், பையன் கிளம்பினதைக் கண்ணு பாத்து மூளைக்குச் சொல்லி விரல் அமுக்கறதுக்குள்ள அவன் ஓடிட்டே இருக்கான், முடிக்கிற இடத்துல மட்டும் அவன் வர்றதை முன்னாடியே பாத்துடறோம்ல, அதனால சரியான நேரத்துல அமுக்கிடுவோம். 4.6ல ஓடுறவனுக்கும் 4.4ல ஓடுறவனுக்கும் நடுவுல இருக்கற வித்தியாசமே அந்த 0.2தான். ஒரு பையனுக்கு காலேஜ் ஸ்காலர்ஷிப் கிடைக்குமாங்கறதே இதுல மாறிப் போகுதுன்னு நெனைச்சா எனக்கு இன்னமும் கஷ்டமா இருக்கும்.

பையன்களுக்குப் போட்ட மார்க்கை ஒண்ணாச் சேத்துத்தான் காலேஜுக்கு ரேங்க் போடுறாங்க. 247ஸ்போர்ட்ஸ் இதைச் செய்யற விதம் எனக்கு ரொம்பப் பிடிச்சது. எல்லாத்தையும் அப்படியே கூட்டினா 28 பேர் சேத்த காலேஜ் ஜெயிச்சிடும், சராசரி எடுத்தா ஆறே பேர் சேத்த காலேஜ் மேல வந்துடும், ரெண்டும் நியாயமில்ல. அதனால பசங்களைத் தரவரிசைப்படி அடுக்கி, மணி வடிவ வளைவு இருக்குல்ல, அதோட ஒரு பாதியை அந்த வரிசை மேல கவுத்து வச்ச மாதிரி எடை குடுக்கறாங்க. வளைவோட அகலத்தை 9ன்னு வச்சுப் போட்டுப் பாத்தா முதல் பையனோட மார்க் முழுசா சேரும், ரெண்டாவது ஆளுக்கு 99 சதவீதம், பத்தாவது ஆளுக்கு 61, இருபதாவது ஆளுக்கு 11, இருபத்தஞ்சாவது ஆளுக்கு வெறும் 3 சதவீதம். பசங்க எந்த காலேஜ்னு கையெழுத்துப் போடற சைனிங் டே அன்னைக்கு கடைசி நேரத்துல வர்ற த்ரீ ஸ்டார் பையனால ரேங்க் அசையவே அசையாது, ஆனா ஒரு ஃபைவ் ஸ்டார் மனசு மாறி வந்தா எல்லாரும் ஒரு படி கீழ எறங்கி ரேங்க் குதிச்சு மேல போகும்.

அந்த ரேங்க் ஜெயிப்பா மாறுமாங்கறது வேற கேள்வி. 2022ல டெக்சஸ் ஏ அண்ட் எம் சேத்த கூட்டம் அந்த சைட்ல அதுவரைக்கும் யாருமே எடுக்காத பாயிண்ட் எடுத்துச்சு, அந்த வருஷம் டீம் 5 ஜெயிச்சு 7 தோத்துச்சு. 18 வயசுல வந்தவன் முதல் வருஷமே மேட்ச்சைத் திருப்பிடுவான்னு எதிர்பாக்கறது தப்பு, அவன் பலன் தெரியறதுக்கு ரெண்டு மூணு வருஷம் ஆகும், அதுக்குள்ள பாதிப் பேர் வேற காலேஜுக்கு மாறிடுறாங்க.

சரி, பெரியவர் கதைக்கு வர்றேன். 2021 சீசன்ல நெப்ராஸ்கா 3 ஜெயிச்சு 9 தோத்துச்சு. கேக்கவே மோசமா இருக்குல்ல, ஆனா தோத்த ஒன்பதையும் பாருங்க: வித்தியாசம் 8, 7, 3, 3, 7, 5, 9, 7, 7. ஒரு தடவை கூட பத்துப் பாயிண்ட்ல தோக்கல. ஒன்பதையும் கூட்டினா 56. ஜெயிச்ச மூணுலயும் வித்தியாசம் 45, 25, 49, கூட்டினா 119. ஆக மொத்தத்துல 63 பாயிண்ட் கூடுதலா எடுத்த டீம் ஒன்பது மேட்ச் தோத்துருக்கு. டிசம்பர்ல பெரியவர் இந்தக் கணக்கை அந்த மஞ்சத்தாள்லயே போட்டு என்கிட்ட தள்ளினார், "இது எப்படிப்பா ரெண்டாவது வருஷமும் நடக்கும்?"னு கேட்டார்.

அவர் கேட்டது விஞ்ஞானப்படி சரியான கேள்வி. ஒரு மேட்ச் முடிவுல திறமையும் இருக்கு, அதிர்ஷ்டமும் இருக்கு. 30 பாயிண்ட்ல ஜெயிச்சா அதுல திறமை பங்கு அதிகம், 3 பாயிண்ட்ல ஜெயிச்சா அதிர்ஷ்டம் பங்கு அதிகம். அதிர்ஷ்டம் அடுத்த வருஷத்துக்குக் கூட வராது, அதனால ரொம்ப மேல போன டீமும் ரொம்பக் கீழ போன டீமும் சராசரியைப் பாத்து நகரும்.

அதிர்ஷ்டம்னா என்னன்னு கைல தொட்டுப் பாக்கணும்னா அந்தப் பந்தை எடுத்துக்கோங்க. 28 செ.மீ நீளம், நடுவுல 17 செ.மீ குறுக்களவு, 400 கிராம் சொச்சம் எடை, ரெண்டு பக்கமும் கூர். பெரியவர் வீட்டுப் பின்னாடி புல்தரையில இடுப்பு உயரத்துல இருந்து அதைப் போட்டுப் பாத்தேன், முதல் தடவை இடது பக்கம் வேலி வரைக்கும் உருண்டுச்சு, அதே மாதிரி பிடிச்சு மறுபடி போட்டேன், திரும்பி வந்து என் முழங்கால்ல அடிச்சுது, மூணாவது தடவை அங்கயே குத்திட்டு நின்னு சுத்திச்சு. உருண்டைப் பந்து தரையைத் தொடுறப்போ தொடுற புள்ளிக்கு நேர் மேல எடையோட மையம் இருக்கும், அதனால நேரா எழும்பும். இதுல மையம் தள்ளி இருக்கு, தரை கொடுக்கற உதை பந்தைத் திருப்பி விட்டுடுது, எவ்வளவு திருப்பும்ங்கறது சாய்வுல ஒண்ணு ரெண்டு டிகிரி மாறினாலே மொத்தமா மாறிடும். அதனாலதான் கை நழுவி விழற பந்தை, ஃபம்பிள்னு சொல்லுவாங்க, யாரு எடுக்கறாங்கங்கறது நீண்ட காலத்துல பாதிக்குப் பாதியாத்தான் போய் முடியுது. எதிராளி கைல இருந்து பந்தைத் தட்டி விடறது திறமை, விழுந்த பந்து எந்தப் பக்கம் குதிக்கும்ங்கறது அப்படி இல்ல.

அடுத்த ஆகஸ்ட் 27, 2022, சீசனோட முதல் மேட்ச், அயர்லாந்துல டப்ளின்ல வச்சு, எதிர்ல நார்த்வெஸ்டர்ன். மூணாவது குவார்ட்டர்ல நெப்ராஸ்கா 28-17ன்னு முன்னாடி இருந்துச்சு. அப்போ கோச் ஸ்காட் ஃப்ராஸ்ட் ஆன்சைட் கிக் அடிக்கச் சொன்னார், அதாவது பந்தைத் தூரமா உதைக்காம கிட்டயே தட்டி தானே திரும்ப எடுக்கப் பாக்கறது, முன்னாடி இருக்கறப்போ யாரும் எடுக்காத ரிஸ்க். பந்து எதிராளிக்குப் போச்சு, மேட்ச் 31-28ல போச்சு. மறுபடியும் மூணு பாயிண்ட். பெரியவர் டிவியை நிறுத்தல, சத்தத்தை மட்டும் குறைச்சிட்டு உக்காந்தே இருந்தார். ரெண்டு வாரத்துல ஃப்ராஸ்ட் வேலை போச்சு, சீசன் 4-8ல முடிஞ்சுது. அவர் 1997ல இதே காலேஜ் சாம்பியன் பட்டத்தைப் பங்கு போட்டப்போ குவார்ட்டர்பேக்கா, அதாவது பந்தை எறிஞ்சு ஆட்டத்தை நடத்துறவரா ஆடினவர், ஊரே அவரைத் தன் வீட்டுப் பிள்ளையாத்தான் பாத்துச்சு.

அப்போ கணக்கு எங்க தப்பாச்சு? ஃப்ராஸ்ட் இருந்த காலம் முழுக்க 8 பாயிண்ட் இல்ல அதுக்குக் கீழ முடிஞ்ச மேட்ச்சுகளை எண்ணினா 5 ஜெயிப்பு, 22 தோல்வி. ஒவ்வொண்ணும் நாணயம் சுண்டுற மாதிரின்னு வச்சுக்கிட்டா 27 தடவை சுண்டி 5 இல்ல அதுக்கும் கம்மியா தலை விழறதுக்கு வாய்ப்பு சுமார் 1300ல ஒண்ணு. உடனே இது அதிர்ஷ்டமே இல்லன்னு சொல்லத் தோணும், கொஞ்சம் பொறுங்க, அப்போ மேல் மட்டத்துல சுமார் 130 டீம் இருந்துச்சு, அத்தனை பேரும் சுண்டிட்டே இருந்தா அதுல யாருக்காவது இப்படி விழறதுக்கு வாய்ப்பு பத்துல ஒண்ணு. அப்பவும் சந்தேகம் பாக்கி நிக்குது, அதனால நம்பரை விட்டுட்டு எப்படித் தோத்தாங்கன்னு பாக்கணும். 2021ல மிச்சிகன் ஸ்டேட் மேட்ச்ல கடைசி நிமிஷங்கள்ல பந்தை வலது பக்கம் உதைக்கணுமா இடது பக்கம் உதைக்கணுமாங்கறதுல டீம் ஒரு பக்கமும் பந்து ஒரு பக்கமும் போச்சு, எதிராளி 62 கஜம் ஓடி ஸ்கோரைச் சமமாக்கிட்டான். பந்து எப்படிக் குதிச்சதுங்கறது இல்ல இது, பயிற்சி சம்பந்தப்பட்டது. கிக், பன்ட் (கைல இருந்து விட்டு தூரமா உதைக்கிறது), நேரம் பாத்து ஆடுறது, இதுல வர்ற தப்பு அடுத்த வருஷமும் அதே மாதிரி வரும், யாராவது உக்காந்து சரி பண்ற வரைக்கும். பெரியவரோட 56ம் 119ம் அதைக் காட்டாது, ஏன்னா எந்தப் பாயிண்ட் எதனால போச்சுன்னு அந்தக் கூட்டல்ல இல்ல.

இப்போ ஆட்டமே மாறிடுச்சு. 2018 அக்டோபர்ல டிரான்ஸ்ஃபர் போர்ட்டல், அதாவது காலேஜ் மாற நெனைக்கிற பசங்க பேரைப் பதியற லிஸ்ட், வந்துச்சு, 2021ல இருந்து ஒரு வருஷம் உக்காராம நேரா அடுத்த காலேஜ்ல ஆடலாம், அதே வருஷம் ஜூலையில பசங்க தங்களோட பேரையும் முகத்தையும் வச்சுப் பணம் சம்பாதிக்கவும் வழி வந்துச்சு. புள்ளியியல் கண்ணுல இது பெரிய விஷயம். 17 வயசுப் பையனுக்கு ஸ்டார் போடறப்போ நாம வருங்காலத்தை ஊகிக்கிறோம், 22 வயசுக்காரன் காலேஜ்ல முப்பது மேட்ச் ஆடின வீடியோ இருக்கறப்போ பாதி ஊகம் குறைஞ்சிடுது. இண்டியானா யுனிவர்சிட்டி இதைச் செஞ்சு காட்டிச்சு. காலங்காலமா தோத்துட்டே இருந்த டீம், 2023ல 3-9. கர்ட் சிக்னெட்டின்னு கோச் வந்தார், அதுக்கு முன்னாடி ஜேம்ஸ் மேடிசன் யுனிவர்சிட்டியில தன்கிட்ட ஆடின பசங்க பல பேரைக் கூடவே கூட்டிட்டு வந்தார், 2024ல 11-2. 2025 சீசன்ல 16 மேட்ச் ஆடி பதினாறும் ஜெயிச்சு சாம்பியன். அதுவரைக்கும் ஒரு கணக்கு அசைக்க முடியாம இருந்துச்சு, கடைசி நாலு வருஷத்துல சேத்த பசங்கள்ல பாதிக்கு மேல ஃபோர், ஃபைவ் ஸ்டாரா இல்லாத டீம் சாம்பியன் ஆகவே ஆகாதுன்னு, அதை இவங்க உடைச்சிட்டாங்க.

போன தடவை போன் பண்ணினப்போ பெரியவர் புது நோட்டு வாங்கிட்டேன்னார். நட்சத்திரம் போடற கட்டத்தை ஒடுக்கிட்டு அதுக்குப் பக்கத்துல எத்தனை மேட்ச் ஆடியிருக்கான்னு ஒரு கட்டம் போட்டிருக்காராம், கடைசிப் பக்கத்துல உதைக்கிறவனுக்குன்னே தனியா ஒரு வரி. "செப்டம்பர்ல முதல் மேட்ச்சுக்கு வந்துடு"ன்னார், "சில்லியும் சின்னமன் ரோலும் பண்ணி வைக்கிறேன், டிக்கெட் ரெண்டு எடுத்தாச்சு."