வட்டியில் கழிந்த பத்து வீதம்

இலங்கை மலையகத்தில், ஹட்டனில் சின்னதாக ஒரு கணக்காய்வு அலுவலகம் வைத்திருக்கிறேன். போன வருடம் ஓய்வுபெற்ற ஒரு தேயிலைத் தோட்டத்து அம்மா வங்கிப் புத்தகத்தோடு வந்தார். "தம்பி, வட்டி கொறஞ்சி போச்சே, ஏன்?" சேமலாப நிதியில் கிடைத்த பணத்தை அப்படியே நிலையான வைப்பில் போட்டிருந்தார். வீட்டுக்கு அதுதான் வருமானம்.

வட்டி வீதம் மட்டும் காரணமில்லை. 2025 ஏப்ரல் முதல் வட்டி மீதான நிறுத்திவைத்தல் வரி, அதாவது வட்டி கொடுக்கும்போதே வங்கி கழித்துக்கொள்ளும் வரி, 5 வீதத்திலிருந்து 10 வீதமாகிவிட்டது. வருடத்துக்கு 80,000 ரூபா வட்டி வந்தால் முன்பு 4,000 கழியும், இப்போது 8,000.

இதே தேசிய மக்கள் சக்தி அரசாங்கம்தான் அதே மாதத்தில் வருமான வரி விலக்கு எல்லையை வருடத்துக்கு 12 இலட்சத்திலிருந்து 18 இலட்சமாக உயர்த்தியது. மாதம் 150,000 ரூபா சம்பளம் வாங்குபவர் கட்டிய 3,500 ரூபா வரி இல்லாமலே போனது. நல்லதுதான். ஆனால் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் எத்தனை பேர் அந்தச் சம்பளம் வாங்குகிறார்கள்? அவர்கள் கட்டுவது கடையில். 2019 கடைசியில் 8 வீதத்துக்கு இறங்கிய வற் வரி (பெறுமதி சேர் வரி), 2024 ஜனவரியிலிருந்து 18 வீதம். 118 ரூபா சவர்க்காரத்தில் 18 ரூபா வரி. தோட்டத்தை நடத்தும் துரைக்கும் அதே 18 ரூபாதான், கொழுந்து பறிப்பவருக்கும் அதே 18 ரூபாதான். இடதுசாரி அரசாங்கம் முதலில் கைவைக்க வேண்டியது இந்த வரியில்தான் என்பது என் கருத்து.

அரசாங்கத்தின் செலவுப் பக்கத்தைக் குறை சொல்ல மனம் வரவில்லை. எழுபதுகளில் அரசாங்கம் தோட்டப் பாடசாலைகளைப் பொறுப்பெடுத்திராவிட்டால் நான் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்க மாட்டேன். அதே காலத்தில், இடதுசாரித் தலைவர் என்.எம். பெரேரா நிதியமைச்சராக இருந்தபோது, இலவச அரிசி குறைந்து லயங்களில் பட்டினி கிடந்ததையும் எங்கள் பாட்டிமார் சொல்லியிருக்கிறார்கள். 2026 வரவு செலவுத் திட்டத்தில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,350இலிருந்து 1,550 ரூபா ஆனது. அதோடு வருகைக்கென்று இன்னொரு 200 ரூபா அரசாங்கப் பணம். பேர் விழுகிற, அதாவது அன்றைய வேலை கணக்கில் சேருகிற, நாட்களில் அது பெரிய காசு. கம்பனி கொடுக்க வேண்டியதில் ஒரு பங்கைத் திறைசேரி சுமக்கிறது என்பதையும் மறக்கக்கூடாது. அந்தத் திறைசேரியில் அந்த 18 ரூபாவும் இருக்கிறது.

சரி, அந்த அம்மாவின் விஷயத்துக்கு வருகிறேன். வருட வருமானம் 18 இலட்சத்துக்கு மேல் போகாதவர்கள் வங்கியில் ஒரு சுய பிரகடனப் படிவம் கொடுத்தால் இந்தப் பத்து வீதம் கழியாது. பெரிய பணக்காரருக்காக விரித்த வலையில் சின்ன மீன் சிக்காமல் இருக்க வைத்த வழி அது. ஆனால் வங்கியில் யாரும் அவரிடம் அதைச் சொல்லவில்லை. பிள்ளை கொழும்பில் வேலை, படிவம் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும்தான் கையில் கிடைத்தது. எனக்குக் கோபம் வந்தது அங்கேதான்.

இரண்டு வங்கிகளில் வைப்பு இருந்தால் இரண்டிலும் கொடுங்கள். ஒரு தடவை கொடுத்ததோடு விட்டுவிடாமல், ஏப்ரலில் புது வரி ஆண்டு தொடங்கியதும் மறுபடி போய்க் கேளுங்கள். அடையாள அட்டை, வைப்புச் சான்றிதழ், வரி இலக்கம் மூன்றையும் கையோடு கொண்டுபோங்கள். வரி இலக்கம் இல்லையென்றால் முதலில் அதை எடுங்கள், அதற்குக் காசில்லை. இலக்கம் எடுத்ததற்காக வரி கட்ட வேண்டியதும் இல்லை. அந்தப் பயத்தில்தான் பலர் எடுக்காமலே இருக்கிறார்கள். ஏற்கெனவே கழிந்துவிட்டதா? வங்கி தரும் வரிக் கழிவுச் சான்றிதழை எறிந்துவிடாதீர்கள். வருமான விவரத்திரட்டுக் கொடுத்து இறைவரித் திணைக்களத்திடம் திரும்பக் கேட்கலாம். அந்த அம்மாவுக்கு இப்போது அதைத்தான் நிரப்பிக்கொண்டிருக்கிறேன்.