மறதிக்குப் பின்னும் மிஞ்சுவது

ஒரு பாடத்தை நான்கைந்து முறை வாசித்ததும் அது மனத்தில் பதிந்துவிட்டதாகவே தோன்றும். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு முதல் பத்தியைச் சொந்தச் சொற்களில் சொல்லிப் பார்த்தால்தான் பாதிகூட வராதது தெரியும். கண்ணுக்குப் பழகிப்போன உணர்வை நாம் நினைவாற்றல் என்று எடுத்துக்கொள்கிறோம், இரண்டும் ஒன்றல்ல.

நினைவை முதன்முதலில் முறையாக அளந்தவர் ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ். 1885இல் அவர் வெளியிட்ட ஆய்வில் ஆய்வாளரும் அவரே, ஆய்வுக்கு உட்பட்டவரும் அவரே. அறிந்த சொற்கள் மனப்பாடத்தை எளிதாக்கிவிடும் என்பதால், இரு மெய்யொலிகளுக்கு நடுவே ஓர் உயிரொலியை வைத்து ஏறத்தாழ 2,300 பொருளற்ற அசைகளை உருவாக்கிக்கொண்டார். நிமிடத்துக்கு 150 அசை என்ற சீரான கதியில் ஒரு வரிசையைப் பிழையின்றி வரும்வரை வாசித்து, சிறிது காலம் விட்டு, அதையே மறுபடியும் மனப்பாடம் செய்து, முதல் முறையைவிட எவ்வளவு உழைப்பு மிச்சமாயிற்று என்று கணக்கிட்டார். சுமார் 20 நிமிடம் கழித்து 58 விழுக்காடு மிச்சமானது. ஒரு மணி நேரத்தில் அது 44 ஆகவும், ஒரு நாளில் 34 ஆகவும் சரிந்தது. ஆனால் ஒரு மாதத்துக்குப் பிறகும் 21 விழுக்காடு மிஞ்சியிருந்தது.

இந்த அளவுகோலின் நுட்பம் என்னை இன்றும் வியக்கவைக்கிறது. எவ்வளவு நினைவிருக்கிறது என்று மட்டும் கேட்டிருந்தால், விடை 'ஒன்றுமில்லை' என்றே முடிந்திருக்கக்கூடும். வாய்க்கு வராத ஒன்றும் உள்ளே தடம் விட்டிருக்கிறது என்பதை மறுபடி கற்கும் வேகமே காட்டிக்கொடுத்தது.

அந்தத் தடத்தை வலுப்படுத்துவது எது? உளவியலாளர்களான ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் ஓர் உரைப்பகுதியை இருமுறை படித்தனர். மற்றோர் உரைப்பகுதியை ஒருமுறை படித்து, பின் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினர். ஐந்து நிமிடத்தில் நடந்த தேர்வில் இருமுறை படித்த பகுதியே முந்தியது. ஒரு வாரம் கழித்தோ இருமுறை படித்த பகுதியில் 42 விழுக்காட்டையும், எழுதிப் பார்த்த பகுதியில் 56 விழுக்காட்டையும் நினைவுகூர்ந்தனர். நினைவிலிருந்து எடுப்பது கற்றதைச் சோதிப்பதோடு நிற்பதில்லை. அதுவே கற்றலாகவும் அமைகிறது.

இடைவெளியும் இதற்குத் துணைநிற்கிறது. எபிங்ஹாஸ் 12 அசைகள் கொண்ட வரிசைகளை ஒரே நாளில் 68 முறை ஓதிப் பெற்ற பயனை, மூன்று நாள்களில் பகிர்ந்து செய்த 38 ஓதல்களிலேயே பெற்றார்.