எம்சிபி விழவில்லை, சாக்கெட் மட்டும் ஏன் உருகியது?

கீசர் சாக்கெட்டின் முகப்பு ஓர் ஓரத்தில் பழுப்பேறியிருக்கும். பிளக்கைப் பிடுங்கினால் மூன்று பின்களில் ஒன்று மட்டும் கறுத்திருக்கும். அது கரண்ட் வரும் பேஸ் பின்னாக இருக்கலாம், திரும்பும் நியூட்ரல் பின்னாகவும் இருக்கலாம்; இரண்டிலும் ஓடுவது ஒரே கரண்ட்தான். வீட்டுக்காரர் முதலில் கேட்பது: "புது எம்சிபி போட்டிருக்கோமே, அது ஏன் விழல?"

எம்சிபி, அதாவது அளவுக்கு மீறிக் கரண்ட் போனால் தானாக விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் ஸ்விட்ச், தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. அதற்குத் தெரிந்தது ஆம்பியர் மட்டும். தன் வழியாக எத்தனை ஆம்பியர் போகிறது, எவ்வளவு நேரம் போகிறது என்று பார்க்கும். பத்து மீட்டர் தள்ளி ஒரு ஸ்க்ரூவின் அடியில் என்ன சூடு என்று அதற்குத் தெரிய வழியில்லை.

ஒரு 2000 வாட் கீசரை எடுத்துக்கொள்வோம். 230 வோல்ட்டில் அது இழுப்பது 8.7 ஆம்பியர், அதன் காயிலின் மின்தடை சுமார் 26.5 ஓம். சாக்கெட்டில் ஒரு ஸ்க்ரூ தளர்ந்து, அந்த இடத்தில் மட்டும் அரை ஓம் மின்தடை வந்துவிட்டது என்று வையுங்கள். மொத்தம் 27 ஓம். கரண்ட் 8.5 ஆம்பியராகக் குறைகிறது. ஆம், குறைகிறது! எம்சிபி கண்ணுக்கு நிலைமை முன்பைவிடத் தேவலை. ஆனால் கரண்டைக் கரண்டாலேயே பெருக்கி, அதை மின்தடையால் பெருக்கினால் வருவதுதான் வெப்பம். 8.5 × 8.5 × 0.5 என்றால் 36 வாட். ரேடியோ, டிவி ரிப்பேர் செய்பவர்கள் ஈயம் உருக்கும் சின்ன சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். அதைவிடப் பெரிய ஒன்றைச் சுவருக்குள், பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வைத்து மூடி, தினமும் காலையில் அரைமணி நேரம் ஓட விடுகிறோம்.

ஆர்சிசிபி இருக்கிறதே என்பார்கள். அது போன கரண்டும் திரும்பிய கரண்டும் சமமா என்று பார்க்கும். 30 மில்லி ஆம்பியர் கசிந்தால் விழும். தளர்ந்த முனையில் கசிவு எதுவும் இல்லை. போனது அப்படியே திரும்பி வருகிறது. ஆகவே அதுவும் சும்மாதான் இருக்கும்.

தொடுவது எவ்வளவு இடம்?

செம்பும் பித்தளையும் தொட்டுக்கொண்டிருப்பது போலத் தெரிந்தாலும், நுண்ணோக்கிக் கணக்கில் இரண்டு பரப்பும் மேடு பள்ளம்தான். மேடுகள் சந்திக்கும் ஒருசில புள்ளிகளில் மட்டுமே உண்மையான தொடுகை. மொத்தக் கரண்டும் அந்தப் புள்ளிகளுக்குள் நெருக்கியடித்து நுழைந்து வெளியேற வேண்டும். ஸ்க்ரூவை இறுக்கும்போது நடப்பது இதுதான்: அழுத்தத்தில் மேடுகள் நசுங்கி, தொடும் புள்ளிகள் பெருகுகின்றன. அழுத்தம் குறைந்தால் புள்ளிகள் குறையும். புள்ளிக்குப் புள்ளி சூடு கூடும்.

சூடு வந்ததும் செம்பு காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து கறுக்கிறது. அந்தக் கறுப்புப் படலம் செம்பைப் போலக் கரண்டைக் கடத்தாது. மின்தடை இன்னும் கூடும். சாக்கெட்டுக்குள் பின்னைப் பிடித்திருக்கும் பித்தளைப் பட்டை, சூட்டில் ஸ்பிரிங் தன்மையை இழந்து விரிந்துகொடுக்கும், பிடி தளரும். கீசர் போடும்போது சூடாகி விரிந்த உலோகம், அணைத்ததும் குளிர்ந்து சுருங்கும். தினமும் ஒருமுறை விரிந்து சுருங்கினால் ஸ்க்ரூ இன்னும் கொஞ்சம் இளகும். இப்படி ஒன்று மற்றொன்றைத் தள்ளிக்கொண்டே போவதால்தான் மாதக்கணக்கில் ஒன்றும் தெரியாமல் இருந்து, பிறகு ஒரு வாரத்தில் கருகிவிடுகிறது. "நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு" என்பது பொய்யில்லை.

அப்படிக் கருகிய சாக்கெட்டைக் கழற்றிப் பார்த்தால் கதை அங்கேயே எழுதியிருக்கும். முனையிலிருந்து இரண்டு மூன்று செ.மீ. வரை வயரின் பிவிசி சுருங்கிப் பின்வாங்கி, விரலால் வளைத்தால் பொறுக்கு போல உடையும். செம்பு இழைகள் பளபளப்பு போய் கருஞ்சிவப்பாக இருக்கும். ஸ்க்ரூவில் டெஸ்டரை வைத்தால் அரைச் சுற்றுக்கு எதிர்ப்பே இல்லாமல் திரும்பும். அதே வயரை அரை மீட்டர் தள்ளிப் பார்த்தால் புத்தம்புதிதாக இருக்கும். வயர் தாங்கியது, முனை தாங்கவில்லை.

முனை ஏன் தளர்கிறது என்றால் பெரும்பாலும் மாட்டிய அன்றே விதை போட்டாயிற்று. இழைகள் ஓட்டைக்குள் போகவில்லை என்று நான்கைந்து இழைகளை நறுக்கிவிடுவது. பிவிசி உறையோடு சேர்த்து ஸ்க்ரூவை இறுக்குவது. உறை நாளடைவில் நசுங்கி இடம் கொடுக்கும், பிடி போய்விடும். ஒரே முனையில் தடித்த வயர் ஒன்றும் மெல்லிய வயர் ஒன்றும் வைத்து இறுக்குவது. ஸ்க்ரூ தடித்ததை மட்டும் பிடிக்கும், மெல்லியது சும்மா உட்கார்ந்திருக்கும். பல இழை வயரின் நுனியில் 'பின் லக்' என்ற உலோக முனையைப் போட்டு, நசுக்கிப் பிடிக்க வைத்து (கிரிம்ப் செய்து) மாட்டினால் இதில் பாதிப் பிரச்சினை இல்லை. ஒரு லக்கின் விலை ஒரு டீயைவிடக் குறைவு, ஆனாலும் போடுவோர் குறைவு.

மின்கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் வயர் பெரும்பாலும் அலுமினியம், வீட்டுக்குள் செம்பு. இவை இரண்டையும் முறுக்கி டேப் சுற்றுவது எல்லாவற்றையும்விட மோசம். அலுமினியத்தின் மேல் உருவாகும் ஆக்சைடு கிட்டத்தட்டப் பீங்கான் மாதிரி, கரண்டை விடாது. சூட்டில் அலுமினியம் செம்பைவிட அதிகம் விரியும். ஈரமும் சேர்ந்தால் அரித்துவிடும். இதற்கென்றே இருக்கும் இருஉலோக லக்கைத்தான் போட வேண்டும்.

வயர் எப்போது சூடாகும்?

முனை நன்றாக இருந்தும் வயரே சூடாவதும் உண்டு. வீட்டு வயரில் 1 ஸ்கொயர் எம்எம் செம்புக்கு ஒரு மீட்டருக்கு 19.5 மில்லி ஓம் மின்தடை, 1.5-க்கு 13.3, 2.5-க்கு 8, 4-க்கு 5. இவை 20 டிகிரியில் உள்ள மதிப்பு. 16 ஆம்பியர் ஓடினால் 1 ஸ்கொயர் எம்எம் வயர் மீட்டருக்கு 5 வாட் வெப்பம் விடும், 2.5 என்றால் 2 வாட். செம்பு 70 டிகிரிக்குப் போனால் மின்தடை ஏறக்குறைய 20 சதவீதம் கூடிவிடும், வெப்பமும் அதே அளவு கூடும்.

எலக்ட்ரான்கள் வேகமாக ஓடுவதால் சூடாகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். 2.5 ஸ்கொயர் எம்எம் வயரில் 10 ஆம்பியர் போகும்போது அவற்றின் சராசரி நகர்வு விநாடிக்கு 0.3 மி.மீ. எறும்பு ஜெயிக்கும். அதிலும் நம் வீட்டுக்கு வருவது விநாடிக்கு 100 முறை திசை மாறும் ஏசி கரண்ட்; ஆகவே எலக்ட்ரான் எங்கும் போவதில்லை, மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருக்கிறது. அப்படி ஆடும்போது செம்பு அணுக்களோடு மோதி விடும் ஆற்றல்தான் நமக்குச் சூடு.

சாதாரண பிவிசி உறை தொடர்ந்து தாங்குவது 70 டிகிரி. 2.5 ஸ்கொயர் எம்எம் வயர் 24 ஆம்பியர் தாங்கும் என்று அட்டவணை சொல்லும். அந்த அட்டவணை சுற்றுப்புறம் 30 டிகிரி, பைப்பில் ஒரே ஒரு சர்க்யூட் என்று வைத்துப் போட்டது. நம் ஊரில் பைப் மேல்தளக் கான்கிரீட்டுக்குள்ளேயே போகிறது. மே மாத வெயிலில் வயரைச் சுற்றி 45 டிகிரி இருப்பது சாதாரணம். அதற்கு 0.79 ஆல் பெருக்க வேண்டும். அதே பைப்பில் மூன்று சர்க்யூட் திணித்திருந்தால் இன்னும் 0.7 ஆல். 24 என்பது 13 ஆம்பியருக்கு வந்துவிடுகிறது. அதற்கு 16 ஆம்பியர் எம்சிபி போட்டிருந்தால், வயரைக் காக்க வேண்டியதே வயரைவிடப் பெரிதாக இருக்கிறது. 4 ஸ்கொயர் எம்எம் போட்டிருந்தால் இதே கணக்கில் 17 ஆம்பியருக்கு மேல் நிற்கும். ஏசிக்கும் கீசருக்கும் 4 போடச் சொல்வது கடைக்காரருக்கு வியாபாரம் செய்து கொடுக்க அல்ல.

எம்சிபியில் 16 என்று போட்டிருந்தால் 16-ஐத் தாண்டியதும் விழும் என்பது இன்னொரு நம்பிக்கை. விதிப்படி அது 1.13 மடங்கில், அதாவது 18 ஆம்பியரில், ஒரு மணி நேரம் வரை விழவே கூடாது. 1.45 மடங்கில், 23 ஆம்பியரில், ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தால் போதும். சி வகை எம்சிபி உடனே விழ வேண்டுமானால் 5 முதல் 10 மடங்கு, 80 முதல் 160 ஆம்பியர் வரை வேண்டும். அடிக்கடி விழுகிறது என்று 16-ஐக் கழற்றிவிட்டு 32 மாட்டுவது எவ்வளவு விபரீதம் என்பது இதில் தெரியும்: 40 ஆம்பியர் போனாலும் உடனே விழாத ஒன்றை 2.5 வயருக்குக் காவலாக நிறுத்துகிறோம்.

பழைய வீடுகளில் இன்னும் ஃபியூஸ் கட்டை உண்டு. பீஸ் போய்விட்டால் கையில் கிடைத்த வயரிலிருந்து ஓர் இழையை உருவிக் கட்டுவார்கள். 3/20 என்று எலக்ட்ரீஷியன்கள் சொல்லும் வயரில் 20 கேஜ் இழை மூன்று, ஒவ்வொன்றும் 0.9 மி.மீ. அது செம்பாக இருந்தால் ஓர் இழை உருக ஏறக்குறைய 70 ஆம்பியர் வேண்டும். அதற்கு முன் சுவருக்குள் இருக்கும் வயரின் உறை உருகி முடிந்துவிடும். 0.2 மி.மீ. செம்புக் கம்பி சுமார் 7 ஆம்பியரில் உருகும். விட்டத்தில் நாலரை மடங்கு வித்தியாசம், உருகும் கரண்டில் பத்து மடங்கு.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்களில் 0.75 ஸ்கொயர் எம்எம் வயர்தான் அதிகம் வருகிறது. 10 ஆம்பியர் போனால், போகும் வயர் திரும்பும் வயர் இரண்டும் சேர்ந்து மீட்டருக்கு 5 வாட். தரையில் நீட்டிப் போட்டால் காற்றில் போய்விடும். அழகாக இருக்கட்டும் என்று 5 மீட்டரைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு வைத்தால், 26 வாட்டும் ஒரு கைப்பிடிக்குள். இண்டக்‌ஷன் அடுப்பும் அயர்ன் பாக்ஸும் அதில் வேண்டாம்.

ஷார்ட் சர்க்யூட் ஆனபின் எம்சிபியைத் தூக்கிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பதும் தப்பு. எதிரெதிர்த் திசையில் கரண்ட் போகும் இரண்டு வயர்கள் ஒன்றையொன்று தள்ளும். 1000 ஆம்பியர் பாய்ந்தால், 3 மி.மீ. இடைவெளியில் மீட்டருக்கு ஏறக்குறைய 7 கிலோ எடைக்குச் சமமான உதை. அந்த வழியிலுள்ள முனைகளை ஒருமுறை திறந்து இறுக்கிப் பார்க்க வேண்டும்.

கண்டுபிடிப்பது எப்படி?

மூக்குதான் முதல் கருவி. பேக்கலைட் என்ற கெட்டிப் பிளாஸ்டிக் பாகங்கள் சூடேறினால் மீன் கருகியது போன்ற வாடை வரும். சமையலறையில் மீன் இல்லாத நாளில் அந்த வாடை வந்தால் சாக்கெட்டுகளைப் பாருங்கள். கீசரை இருபது நிமிடம் ஓட விட்டு, மெயினை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிப் பின்களின் அருகே புறங்கையைக் கொண்டுபோங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. சுரீரென்று இருந்தால் அந்த சாக்கெட்டின் ஆயுள் முடிந்தது.

திறக்காமலே கணக்காகத் தெரிய மல்டிமீட்டர் போதும், ஆனால் இதை லைனில் வேலை செய்து பழகியவர் மட்டும் செய்யட்டும். கீசர் ஓடும்போது எம்சிபிகள் இருக்கும் பெட்டியான டிபியில் வோல்ட்டேஜ் பார்க்க வேண்டும், உடனே சாக்கெட்டில் பார்க்க வேண்டும். இரண்டு இடத்திலும் எடுப்பது முக்கியம். இல்லையென்றால் தெருவில் குறைந்த வோல்ட்டேஜை வீட்டின் கணக்கில் எழுதிவிடுவோம். 15 மீட்டர் தூரம், 2.5 வயர் என்றால் போகவர 30 மீட்டர், மின்தடை 0.24 ஓம். 8.7 ஆம்பியருக்கு 2 வோல்ட் குறைய வேண்டும். 8 வோல்ட் குறைந்தால், மீதி 6 வோல்ட் எங்கோ ஒரு முனையில் உட்கார்ந்திருக்கிறது. 6 × 8.7 என்றால் 52 வாட். சாக்கெட்டில் இல்லையென்றால் ஸ்விட்ச்சில், அங்கும் இல்லையென்றால் சுவருக்குள் யாரோ முறுக்கி டேப் சுற்றிய ஜாயிண்டில்.

கருகிய முனையை மணல்தாள் போட்டுத் தேய்த்துத் திரும்ப மாட்டுவதில் பயனில்லை. சூடு கண்ட செம்பு மென்மையாகிவிடும், ஸ்க்ரூவின் அழுத்தத்தை ஏந்தாது. உறை வளைந்து கொடுக்கும் இடம் வரை, பளிச்சென்ற செம்பு தெரியும் வரை வெட்டியெறிய வேண்டும். சாக்கெட் புதிது, பிளக் டாப்பும் புதிது, ஏனென்றால் பழைய பிளக்கின் கறுத்த பின்கள் புது சாக்கெட்டையும் சீக்கிரமே கெடுக்கும். வெட்டியதால் வயர் எட்டவில்லை என்றால் அரை அடித் துண்டு ஒட்டாமல் டிபியிலிருந்தே புது வயர் இழுக்க வேண்டும். மாட்டி இறுக்கியதும் வயரை ஒருமுறை விரலால் இழுத்துப் பார்த்துவிட்டு, மூன்று நான்கு வாரம் ஓடியபின் மெயினை அணைத்து அதே ஸ்க்ரூவைத் திரும்ப இறுக்குங்கள். பல இழை வயர் என்றால் கால் சுற்றாவது போகும்.